நான் பிளான் போட்ட கப்பல் நான் இல்லாமல் கிளம்பியது

நேற்று மாலை ஏழரை மணிக்கு நான் பிளான் போட்ட கப்பல் கிளம்பிவிட்டது!

(நான் அப்போது விக்கிரவாண்டி டோல்கேட்டில், விழுப்புரம் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.)

விளக்கமாகவே சொல்கிறேன். வாத்தியாராக இருந்தவனுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

என் மகன் கனடாவில், மேற்குக் கரையோரம் இருக்கிறான். மனைவி போன பிறகு விழுப்புரத்து வீட்டில் நான் ஒருவன். பேத்தியை நேரில் பார்த்து மூன்று வருடம் ஆகிறது.

ஏப்ரலில் வீடியோ காலில் வந்தான்.

"அப்பா, ஜூலைல ஒரு தீவுக்குப் போலாம்னு இருக்கோம். காரையே கப்பல்ல ஏத்திக்கினு போணும். சம்மர் லீவுல இங்க செம ரஷ்ஷு. ஸ்கூலுக்கே டைம்டேபிள் போட்ட ஆளு நீங்க, ஒரு பிளான் போட்டுக் குடுங்கப்பா!"

அப்புறம் சொன்னான்.

"ஜூன்ல அத்தையும் மாமாவும் இங்க வர்றாங்க. அஞ்சு பேருன்னா எங்க கார்லயே போய்டலாம். நீங்களும் வர்றீங்களாப்பா? வர்றதுன்னா பெரிய வண்டி வாடகைக்கு எடுத்துடறேன்."

அத்தை, மாமா என்றால் அவனுடைய மாமனார் வீட்டார். திண்டிவனத்தில் இருக்கும் என் சம்பந்திகள்.

விசா குத்திய பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது. குளிருக்குக் காதை மூடும் குல்லாகூட வாங்கி வைத்திருந்தேன். இந்த வாய் என்ன சொன்னது தெரியுமா?

"எனக்கெதுக்குப்பா! நீங்க போய்ட்டு வாங்க."

"சரிப்பா" என்றான்.

அவ்வளவுதான்!

ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்யாணப் பந்தியில் பாயசம் வருகிறது. "போதும், போதும்" என்று இலைமேல் கையை நீட்டுகிறோம். பரிமாறுகிறவர் உடனே வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாரா? "அட, சும்மா சாப்பிடுங்க சார்!" என்று விரலிடுக்கிலேயே ஒரு கரண்டி ஊற்றுவார். நம் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்குச் சொல்வது. கேட்டவர் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

என் மகன் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

எப்படியும் திரும்பக் கேட்பான் என்று நம்பி வேலையில் இறங்கினேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். பொங்கலுக்கு விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்குமே, அதைக் கடலோரத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்! முன்பதிவு இல்லையென்றால் அடுத்தடுத்த கப்பல்கள் போவதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் கிடக்க வேண்டியதுதான். அதனால் காலை ஏழு மணிக் கப்பல். ஒரு மணி நேரம் முன்னாலேயே வரிசையில் இருக்க வேண்டும். திரும்புவது திங்கள் மாலை வேண்டாம், எல்லோரும் திரும்பும் நேரம், செவ்வாய் காலை. குழந்தைக்கு எந்த இடத்தில் இட்லி கொடுப்பது என்பதுவரை எழுதினேன்.

அங்கே அவர்கள் தூங்கும்போது இங்கே எனக்குப் பகல். முன்பதிவையும் போனில் நானே செய்தேன்.

பயணிகள் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் வந்தது.

ஆறு என்று அடித்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழித்துவிட்டு ஐந்து என்று அடித்தேன். (முப்பத்தொரு வருடம் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விடுபடாமல் பார்த்துக்கொண்டவன் நான்!)

ஜூனில் சம்பந்தியை வழியனுப்பத் திண்டிவனம் போனேன்.

"இன்னா சம்பந்தி, நீங்களும் வந்திருக்கலாமே! மாப்ள கூப்டாராம், நீங்கதான் வேணாம்னுட்டீங்களாமே?"

"ஆமாங்க, நான்தான்..."

"நாங்கல்லாம் கூப்ட ஒடனே 'வர்றோம் மாப்ளே'ன்னுட்டோம்! சரி, இந்தாங்க சாவி. வாரத்துக்கு ஒருவாட்டி செடிக்குத் தண்ணி ஊத்திட்டு, மோட்டாரை ஒரு தபா ஓட்டி வுடுங்க."

அதனால்தான் சனிக்கிழமைதோறும் எனக்குத் திண்டிவனம். நேற்றும் செம்பருத்திக்கும் வாழைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

டோல்கேட்டில் பஸ் நின்றது. அங்கே காலை ஏழு. போன் அடித்தது. திரையில் நீலக் கடல்! சம்பந்தி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"அப்பா, உங்க பிளான் சூப்பர்ப்பா! வரிசை எம்மாம் நீளம் தெரியுமா? நாங்க நேரா உள்ள ஏறிட்டோம்!"

பேத்தியைக் காட்டினான். காற்றில் முடி முகத்தை மூடியிருந்தது. "தாத்தா, நீங்க எங்க?" என்றாள். அதற்குள் போன் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

பக்கத்தில் நின்ற கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"யாரு சார் கப்பல்ல?"

"என் பையன் குடும்பம்."

"நீங்க போவலியா?"

"நான் பிளான் போட்டேன்."

"அட போங்க சார்!" என்று சிரித்துவிட்டு டிக்கெட் கேட்கப் போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் மகன் அதைச் சொன்னான். மூன்று மாதமாக எந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேனோ, அந்தச் சொல்!

"அடுத்த வருஷம் நீங்களும் வாங்கப்பா!"

என் வாய் என்னைக் கேட்கவே இல்லை.

"எனக்கெதுக்குப்பா! நீங்க போய்ட்டு வாங்க."

"சரிப்பா" என்று வைத்துவிட்டான்.

இந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள்!