பிரேக் அக்கா வண்டிக்குக் கறுப்பு ஒட்டிய கதை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் எல்லோருக்கும் அவள் பிரேக் அக்கா. பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்கை விட்டு அவள் பாதம் நகர்ந்ததே இல்லை. பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தால்கூட அவள் வலது கால் தானாக எதையோ அமுக்கும்.

வண்டிக் கதவுகளை அவள் பூட்டவே மாட்டாள். மேட்டில் வண்டி அணைந்துபோய், கற்றுக்கொள்கிற பெண்ணுக்குக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் போனால், இவள் குதித்து, சுற்றி ஓடி, அந்தப் பக்கம் ஏறி வண்டியை எடுக்க வேண்டும். அந்த அவசரத்தில் பூட்டோடு யார் மல்லுக்கட்டுவது?

இப்படிப்பட்டவளையும் பயமுறுத்த ஒருவன் வந்து சேர்ந்தான். வேறு யார், அவள் விட்டுப் பிரிந்து வந்த புருஷன்தான். வெளியே பார்த்தால் தங்கமான மனுஷன். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் வணக்கம் வைப்பான். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு அவன் செய்ததை அவள் கூடப் பிறந்த தம்பியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. கேட்டவர்களிடம் எல்லாம், "அவர் வெளிநாட்டில வேலை பாக்கிறாரு" என்று ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வெளிநாட்டுக்காரன் இப்போது தினமும் மருந்துக் கடை வாசலில் நின்றான். ஒரு வார்த்தை பேசுவதில்லை, பக்கத்தில் வருவதும் இல்லை. வண்டி கடக்கும்போது குனிந்து உள்ளே பார்ப்பான், அவ்வளவுதான். அதற்கே அவள் இருக்கையில் சரிந்து தலையைத் தாழ்த்திக்கொள்வாள். காவல் நிலையத்தில் போய்ச் சொன்னதற்கு, "தெருவில நிக்கிறவன நிக்காதேன்னு எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

அப்போது அவளிடம் கற்றுக்கொண்டிருந்தவள் ஒரு நர்ஸ். லைசென்ஸ் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஊசி போடும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்கும்.

"யாருக்கா அந்த ஆளு? உங்களையே பாக்கிறாரு."

"யாரோ. நீ ரோட்டப் பாரு."

நர்ஸ் ரோட்டைப் பார்த்தாள். வண்டி அணைந்துபோனது. கால் தப்பியது நர்ஸுக்கா தனக்கா என்று பிரேக் அக்காவுக்கே விளங்கவில்லை.

தம்பி கார் அலங்காரக் கடை வைத்திருந்தான். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் ஒட்டுவதற்கு அவனிடம் ஒன்று இருக்கும். "அக்கா, பேசாம பக்கத்துக் கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு ஃபிலிம் ஒட்டிடலாம். அவன் தலைகீழா நின்னாலும் உள்ள ஒண்ணும் தெரியாது."

"புதுசா ஓட்டுறவங்க முகம் வெளிய தெரியணும்டா. பயந்த முகத்தப் பாத்தாதான் பக்கத்தில வர்றவன் கொஞ்சம் ஒதுங்குவான்."

"உன் முகம் தெரியறதுதானே இப்ப பிரச்சினை?"

பிரேக் அக்கா தம்பியிடம் ஃபிலிம் துண்டு ஒன்றை வாங்கிவந்து, சமையலறை ஜன்னலில் வைத்து வைத்துப் பார்த்தாள். ஒட்டினால் நிம்மதி. ஆனால் ஏதோ ஒன்று நெருடியது, என்னவென்று பிடிபடவில்லை. ஒட்ட வேண்டாம் என்று முடிவெடுத்த மறுநாள், புருஷன் ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கத்து நடைபாதைக்கே வந்து நின்றான். வண்டியை நேராகத் தம்பி கடைக்கு விடச் சொன்னாள்.

ஒட்டிய பிறகு வாழ்க்கை என்னமோ இனிக்கத்தான் செய்தது. மருந்துக் கடையைத் தாண்டும்போது அவன் கழுத்தை நீட்டித் தேடுவதைப் பார்த்தாள். நாக்கைத் துருத்திப் பழிப்புக் காட்டினாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நர்ஸ் சிரித்த சிரிப்பில் கியர் மாற்றவே மறந்துபோனாள்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு அந்த வாரம் முடியும் வரைகூட இல்லை.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது. பின் கதவு திறந்தது, மூடியது. யாரோ தெரியாமல் ஏறிவிட்டார்கள் என்று நர்ஸ் திரும்பினாள். பிரேக் அக்கா திரும்பவில்லை. அந்த மூச்சுச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

"நல்ல வேலை பண்ணியிருக்கே. வெளியிலேர்ந்து ஒண்ணும் தெரியல" என்றான். பின்னாலிருந்து வந்த கை அவள் கழுத்தில் உட்கார்ந்தது, மெதுவாக இறுகியது. "பாப்பா, விளக்கு விழுந்ததும் நேராப் போ. நான் வழி சொல்றேன்."

வலது பக்கம் ஒரு பஸ், இடது பக்கம் ஸ்கூட்டரில் ஒரு குடும்பம். கையை நீட்டினால் தொட்டுவிடலாம். ஸ்கூட்டர்காரி அந்தக் கறுப்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். பிரேக் அக்காவுக்குக் கத்த வேண்டும் என்றிருந்தது. தொண்டை அவள் வசம் இல்லை.

பச்சை விழுந்தது. நர்ஸ் அழுதுகொண்டே வண்டியை நகர்த்தினாள். நாற்சந்தியின் நட்டநடுவில், பிரேக் அக்கா தன் உடம்பின் கனம் முழுவதையும் வலது காலில் இறக்கினாள். வண்டி குலுங்கி அணைந்தது. அவன் முன்னிருக்கையில் மோதிக்கொண்டான். கழுத்துப் பிடி விலகியது. நாலாபக்கமும் ஹார்ன் அலறியது.

"எடு வண்டிய!"

"கத்துக்கிற பொண்ணு, பதறும்" என்றாள் பிரேக் அக்கா. குரல் கரகரத்தது, ஆனாலும் பாடம் நடத்தும் குரல்தான். "பதறாதம்மா. வண்டி நின்னுபோனா முதல்ல என்ன செய்யணும்? கண்ணாடி நாலையும் கீழ இறக்கு."

அப்படி ஒரு பாடமே கிடையாது. நர்ஸ் ஒரு கணம் விழித்தாள். பிறகு அவள் விரல் தன் பக்கத்துப் பொத்தான்களைத் தேடிப் பிடித்தது. கை நடுங்கவில்லை. நாலு கண்ணாடியும் ஒன்றாக இறங்கின. வெளிச்சமும் திட்டும் புகையும் சேர்ந்து உள்ளே வந்தன. ஓடிவந்த போக்குவரத்துக் காவலர் குனிந்து பார்த்தார், ஸ்கூட்டர் குடும்பம் பார்த்தது, பஸ் ஜன்னல்கள் எல்லாம் பார்த்தன.

அவன் முகத்தில் அந்தத் தங்கமான சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல சார், என் வீட்டுக்காரிதான். சின்ன மனஸ்தாபம்."

காவலர் அவளைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டி அவள் கழுத்துக்குப் பழக்கம். இன்றைக்கு அது ஆடவில்லை.

"என் கழுத்தப் புடிச்சான் சார். இவன்கிட்ட எனக்குப் பயம். ரொம்ப நாளாப் பயம்."

அத்தனை பேர் நடுவில் அதைச் சொல்லிவிட்டாள். அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அழுகைதான் வந்தது, அழுதாள். ஸ்கூட்டர்காரி இறங்கிவந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். "இறங்குய்யா" என்றார் காவலர்.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, நர்ஸையும் கூட்டிக்கொண்டு தம்பி கடைக்குப் போனாள். போனதும் நகத்தாலேயே ஃபிலிமின் ஓரத்தைப் பிறாண்ட ஆரம்பித்தாள்.

"என்னக்கா இது, இப்பதானே ஒட்டினோம்? கறுப்பு இருந்தா அவன் கண்ணுக்குப் படாம இருக்கலாமே."

"அவன் பாக்கறான், பாக்கறான்னே பயந்தேன்டா" என்றாள், கிழித்துக்கொண்டே. "ஊரு பாக்குதேன்னுதான் அவன் இத்தன நாளா ரோட்டோட நின்னிருக்கான்."