பிஞ்சைக் கிள்ளாதவன்

கூடுவாஞ்சேரியில் எங்கள் அடுக்குமாடி வளாகத்தின் பின்புறம், வெள்ளைக்காரன் காலத்து மதில் சூழ்ந்த மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. அதை இப்போது தோப்பு என்று சொல்வதே பாவம். மரங்களை வெட்டிக் கார் நிறுத்த இடம் செய்துவிட்டு, மிஞ்சிய மூலைக்குச் சங்கத்தார் ‘பாரம்பரியத் தோட்டம்’ என்று பலகை மாட்டினார்கள்.

மரம் நடுவிழா கத்திரி வெயிலில்தான். பிள்ளைகளுக்கு அப்போதுதானே லீவு! போன வருடம் செயலாளர் எட்டு மாங்கன்றுகளைக் கறுப்புப் பையோடு குழியில் இறக்கினார். கைதட்டல் வேறு.

“பையைக் கிழிக்கணும் சார்” என்றேன்.

“அப்புறம் பண்ணிக்கலாம் சார், போட்டோகிராஃபர் வெயிட் பண்றார்.”

படித்தவர்கள்! எட்டும் ஆடிக்குள் சுள்ளியாயின. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், என் கன்று பிழைத்திருந்ததே. மதிலோரக் கிழ மரத்தை வெட்டப்போவது தெரிந்ததும், நர்சரிக்காரரைப் பிடித்து அதன் குச்சியை ஒட்டுக்கட்டி வாங்கி நட்டிருந்தேன். நாரே இல்லாத, தோலோரம் லேசாகப் புளிக்கும் அந்தப் பழம் இனி இந்த ஒரு கன்றில்தான்.

இந்தக் கோடையில், இடுப்புயரம்கூட வளராத அதில் ஒரு பிஞ்சு. தோட்ட வேலை பார்க்கும் அம்மா பார்த்ததும் சொன்னார்: “இன்னா சார், அதுவே கொயந்த. அதுக்கு ஒரு கொயந்தயா? கிள்ளிப் போடு சார்.”

எனக்குத் தெரியாதா? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான். ஆனால் சங்கக் கூட்டத்தில் அந்தப் பழத்தை அறுத்துவைத்து, எதை வெட்டினோம் என்று செயலாளரின் நாக்குக்கு உறைக்கச் செய்ய வேண்டும் என்று ஒரு வெறி. முட்டுக்கூடக் கொடுக்கவில்லை. காய் தொங்குவது நடைபாதையிலிருந்தே தெரியட்டுமே என்று விட்டேன்.

காய் பருத்தது. ஒரு சாயங்காலக் காற்றில், ஒட்டுப்போட்ட இடத்திலேயே கன்று முறிந்தது. காய் முற்றக்கூட இல்லை. அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். கிழ மரம் அன்றுதான் முழுதாகச் செத்தது.

ஒட்டுக்குக் கீழே இருப்பது ஏதோ ஒரு கொட்டையில் முளைத்த சாதாரண மாங்கன்று. ஒரு மாதத்தில் அது தளதளவென்று துளிர்த்தது. செயலாளர் பூரித்துப்போனார். “பாத்தீங்களா சார், நம்ம பழைய மரம் திரும்ப வந்துடுச்சு!” என்று ஒரு பித்தளைப் பலகை நட்டு, அதில் காப்பாற்றியவர் என்று என் பெயரையும் போட்டார்.

அது அந்த மரமே இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அந்த அம்மா தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். நான் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தேன்.