பச்சைச் சொட்டு

காஞ்சிபுரத்தில் எந்த மாடி ஒழுகினாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். தாமலிலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் வண்டி அனுப்பிக் கூட்டிப் போகிறார்கள். நான் படித்தது நாலாவது, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று நான் சொல்லி இதுவரை தப்பியதில்லை. விரிசலுக்கு ஒரு நிறமாகச் சாயத் தண்ணீர் ஊற்றுவேன்; கீழே எந்த நிறம் சொட்டுகிறதோ அதுதான் ஓட்டை. இந்த வித்தையை முதலில் செய்தவள் எங்கள் அம்மா.

அம்மா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவள். அப்பாவும் பெரியப்பாவும் நெசவு. பாகம் பிரித்த வீடு. மாடியில் ஆளுக்குப் பாதி, கீழே தறி மட்டும் பொது. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம், நெய்ய இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும். அண்ணனும் தம்பியும் அப்படி உட்கார்ந்துதான் இரண்டு வீட்டு அடுப்பும் எரிந்தது.

நான் சின்னப் பையனாக இருந்த ஓர் ஐப்பசியில் தறிக்கு நேர் மேலே ஒழுக ஆரம்பித்தது. பாதி நெய்த கல்யாணச் சேலையைச் சாக்குப் போட்டு மூடி வைத்தார்கள். ஒழுகுவது யாருடைய பாதி என்று சண்டை வந்தது.

“உன் பக்கம்தான்டா. ஒரு வருஷமாவது பூசியிருக்கியா?” என்றார் பெரியப்பா.

“நீ மட்டும் கொத்தனார் வச்சுக்கினு இருக்கியோ?”

பெரியப்பா இனிமேல் இந்தத் தறியில் உட்கார மாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். அப்பாவும் கூப்பிடவில்லை. தறி சும்மா கிடந்தது. பெரியம்மா எங்கள் பக்கம் திரும்புவதையே விட்டாள்.

மழை விட்ட ஒரு காலையில் அம்மா இரண்டு சொம்பில் சாயம் கரைத்துக்கொண்டு மாடி ஏறினாள். எங்கள் பக்கத்து விரிசலில் சிவப்பு, பெரியப்பா பக்கத்தில் பச்சை.

“ஊத்திப் பாரும்மா, உன் வூட்டுக்காரன் லட்சணம் தெரியட்டும்” என்றார் பெரியப்பா.

என்னை வெள்ளைப் பீங்கான் தட்டோடு கீழே உட்கார வைத்திருந்தாள். வெகு நேரம் கழித்துச் சொட்டியது. கிளிப்பச்சை. எனக்குக் கண் அப்போதே கூர்மை. அம்மா இறங்கி வந்து தட்டைப் பார்த்தாள், அப்படியே எடுத்துப் போய் ஜலதாரையில் கொட்டிவிட்டு வாசலில் நின்ற பெரியப்பாவுக்குக் கேட்கச் சொன்னாள்: “மாமா சொன்னதுதான் சரி. சிவப்பு. எங்க பக்கம்தான்.”

“பச்சைம்மா” என்றேன்.

“இவனுக்கு இன்னும் நிறம் தெரியல” என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

அப்பா, “எங்க காட்டு, நான் பாக்கறேன்” என்றார்.

“கொட்டிட்டேன். சாயக்காரி சொல்றதுல உனக்குச் சந்தேகமா?”

அப்பா முகம் சுண்டிப்போயிற்று. ஜெயித்துவிட்ட பெரியப்பாவுக்கோ மனசு தாராளமாகிவிட்டது. “விடுடா, பூசறதுதான் பூசறோம், என் பக்கத்தையும் சேத்தே பூசிடலாம்” என்று தாமே சுண்ணாம்பு குழைத்தார். கடுக்காய்த் தண்ணீர் விட்டு, செங்கல் பொடி சேர்த்து, அண்ணனும் தம்பியும் எதிரெதிரே குந்தி மாடி முழுக்கப் பூசினார்கள். அடுத்த மழைக்கு ஒரு சொட்டு இறங்கவில்லை. சேலையும் முகூர்த்தத்துக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்தது.

எனக்கு மட்டும் அம்மாவை நினைத்துக் கவலை. பாவம், பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று, அதற்கப்புறம் அவள் நூல் உலர்த்தும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, “இது பச்சைம்மா, இது அரக்கும்மா” என்று சொல்லிக்கொடுப்பேன். “அப்படியாபா?” என்று அவளும் கேட்டுக்கொள்வாள். தெருவில் யார் சேலைக்கு நிறம் ஒத்துவரவில்லை என்றாலும் நூலை எடுத்துக்கொண்டு அவளிடம்தான் ஓடி வந்தார்கள் என்பது தினமும் கண்ணெதிரே நடந்தும், எனக்கு அது ஏன் என்று தோன்றவேயில்லை.