என் காதைப் பார்த்துக் கதைத்தவள்

2008ஆம் ஆண்டு, தை மாதம். கனடாவில், மொன்றியலின் லாசால் பக்கம் ஒரு சின்ன அபார்ட்மெண்டில் இருந்தோம். எட்டு வருடம் நான் தனியாகக் கிடந்து, ஸ்பொன்சர் செய்து, என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

ஆனால் அவள் என் முகத்தையே பார்ப்பதில்லை. கதைக்கும்போதெல்லாம் கண் என் காதுப் பக்கம் போய்விடும். "ஆரப்பா எனக்குப் பின்னால நிக்கினம்? என்னைப் பாத்துக் கதையுமன்!" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவள் குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். இவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

எனக்குக் கண்ணாடி மாற்றப் போன அன்று அவளையும் கூட்டிப்போனேன். அவளையும் சோதிக்கட்டும் என்றுதான். முதலில் நான் சுவர் அட்டையில் இருந்த எழுத்துகளை உரக்க வாசித்தேன். அடுத்து அவள், ஒன்றுவிடாமல் கடகடவென்று ஒப்பித்தாள். எனக்குப் பெருமைதான். ஆனால் அவள் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த, கண் சோதிக்கும் பெண்மணி முகம் மாறி, ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

அங்கே ஒரே கண்ணை மூன்று விதமாகப் படம் எடுத்தார்கள். நிறப்படத்தில் நடுவே ஒரு வெளிறிய திட்டு. நீல ஒளியில் எடுத்ததில் அதே இடம் மைக்கறுப்பு. மூன்றாவது, விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தது போல. அங்கே அடுக்குகள் மெலிந்து கிடந்தன. டொக்டர் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வைக்கான உயிர்க்கலங்கள் அழிந்துவிட்டன, இனி மீளாது. ஓரப்பார்வை நன்றாக இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் இவர் உங்கள் காதைத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

அதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொல்லி முடித்துவிட்டுக் கேட்டேன்.

"அப்ப எழுத்தெல்லாம் எப்பிடிச் சரியாச் சொன்னீர்?"

"நீங்கள் வாசிக்கேக்க பாடமாக்கினனான். எட்டு வருசம் காத்திருந்த மனுசனிட்டை கண் தெரியேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். பிறகு மெதுவாக, "நான் உங்கட முகத்தைத்தானப்பா பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள்.

வெட்கத்தில் தலைகுனிந்தேன்.

இப்போதும் வருடா வருடம் படம் எடுத்து அந்தக் கறுப்பின் விளிம்பை அளக்கிறார்கள், அது கொஞ்சம் கொஞ்சமாக விரிந்துகொண்டு போகிறது. அவள் கண் என் காதுப் பக்கம் திரும்பினால் நான் அசையாமல் இருந்து கொடுக்கிறேன். ஆனாலும் ஒரேயொரு முறை நேருக்கு நேர் பார்த்துவிட மாட்டாளா என்ற ஏக்கம் மட்டும் இந்த மனசை விட்டுப் போகவில்லை.