பொய்க்கு அடித்த லைட்

போன வருடம் மாரி மழை தொடங்கியிருந்த நேரம். ஓமந்தைக்கும் புளியங்குளத்துக்கும் இடையில், ஏ9 வீதியை ஒட்டி இருக்கிற எங்கள் பள்ளிக்கூட வாசலில் இது நடந்தது. அந்தப் பக்கமாக யாழ்ப்பாணம் போய் வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கடந்திருப்பீர்கள். ஆனால் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் அந்த இடத்தில் யாரும் மெதுவாகப் போவதில்லை. கொழும்பிலிருந்து விடிய விடிய ஓடி வந்த வாகனங்கள் வவுனியா நெரிசலைக் கழித்துவிட்டு, இனி என்ன யாழ்ப்பாணம்தானே என்று மிதிக்கிற நேர் வீதி அது. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், பாதிப் பிள்ளைகளின் வீடுகள் மறுபக்கம். எங்கள் வீடும் மறுபக்கம்தான்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை பஸ் அடித்துக் கால் முறிந்தது. அதன் பிறகு கூட்டங்கள் தொடங்கின. பெற்றோர் கூட்டம், அதிகாரிகள் வந்த கூட்டம், பொலிஸ் வந்த கூட்டம், பொலிஸ் வருவதாகச் சொல்லி வராத கூட்டம். எல்லாவற்றிலும் ஒரே கதைதான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகம் பார்க்கிற கமரா ஒன்றைக் கம்பத்தில் பூட்டச் சொல்லிக் கேட்பதா, வேண்டாமா?

நான் கேட்க வேண்டும் என்ற கட்சி. என் வீட்டுக்காரர் ஓட்டோ ஓடுகிறவர், அவர் வேண்டாம் என்ற கட்சி. பெரிய வாகனக்காரர் எப்படியும் சுழித்துத் தப்பிவிடுவார்கள், கடைசியில் தண்டம் கட்டுவது தன்னைப் போன்றவர்கள்தான் என்பது அவருடைய வாதம். கூட்டத்தில் எனக்கு எதிராக எழும்பிப் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒன்றும் நடக்காதது போல சோறு போடச் சொல்வார். போட்டேன்தான். ஆனால் கறியில் மீன் துண்டு எதுவும் அவருடைய சோற்றுக் கோப்பைக்கு வந்து சேரவில்லை.

ஒரு கூட்டத்தில், எப்போதும் பின்வரிசையில் இருக்கிற ஒரு தாய் எழும்பினா. கடைசி யுத்தத்தில் அவாவின் மகன் காணாமல் போனவன். மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரப் போராட்டங்களில் இருப்பவா. அவா சத்தம் போடவில்லை.

"கமரா பூட்டினாப் பிறகு, அது வாகனத்தை மட்டும்தான் பாக்கும் எண்டு ஆர் சொல்லுறது? போராட்டத்தில இருக்கேக்க பொலிஸ் எங்களைப் படம் எடுத்தது காணும், இனியும் வேண்டாம்."

எனக்கு அவா மேல் கோபம் வந்தது, கோபப்பட்டதற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. அவாவுக்கும் பிள்ளையின் கவலை, எனக்கும் பிள்ளையின் கவலை. இதில் யாரோடு போய்ச் சண்டை பிடிப்பது?

கடைசியில், மேலிடத்துக்கு எழுதுவோம் என்று முடிவானது. பதில் வரும் வரைக்கும் தாய்மார் முறை வைத்துக் காலையில் வீதியில் நிற்பது என்றும் முடிவானது. ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டித் தந்தார்கள். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளை எந்த வான்காரன் மதிக்கிறான்? சில காலைகளில் பொலிஸ் வந்து, மர நிழலில் வேகம் பார்க்கிற கருவியோடு நிற்கும். அந்த நாட்களிலும் எனக்கு எரிச்சல்தான் வரும். எங்கள் சனத்தின் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. பொலிஸ் நிற்கிற இடத்தைக் கடந்து போகிற வாகனம், எதிரே வருகிறவனுக்கு ஹெட்லைட்டை அடித்துக் காட்டும். வருகிறவன் புரிந்துகொண்டு, பொலிஸைத் தாண்டும் வரை நல்ல பிள்ளையாக வருவான். தாண்டியதும் பழைய ஆட்டம்தான். முன்பின் தெரியாதவனுக்குக்கூட இந்த உதவியைச் செய்யாமல் போகிறவன் மனிதனே இல்லை என்பது போல ஒரு நினைப்பு எல்லோருக்கும். என் வீட்டுக்காரரும் அடிப்பார். எங்கள் பிள்ளைகளை இடிக்க வருகிறவனுக்கு நாங்களே தகவல் கொடுக்கிறோமே என்று ஒருநாள் கேட்டேன்.

"உமக்கென்ன விசரோ? அது ஒரு உதவியப்பா" என்றார்.

அன்றைக்குக் காலையில் நிற்பது என்னுடைய முறை. மழை தூறிக்கொண்டிருந்தது. பொலிஸ் இல்லை. சின்னப் பிள்ளைகள் சிலரைக் கையில் பிடித்து வீதியைக் கடத்தி, பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுத் திரும்பினேன். மறுபக்கத்திலிருந்து என் மகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். நான் வரும் வரை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். மழை அங்கியின் தொப்பி கண்ணை மறைத்ததோ என்னவோ, அவள் ஏறி வந்துவிட்டாள். சரியாக நடு வீதியில் சைக்கிள் செயின் கழன்றது.

இறங்கி ஓடி வந்திருக்கலாம். ஆனால் புதுச் சைக்கிள். அவள் அங்கேயே குனிந்து செயினைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வவுனியாப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளை வான் வந்தது. நான் கத்தினேன் என்று பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அது கேட்கவில்லை. கால் மட்டும் அசையவே இல்லை. பெற்ற பிள்ளை நடு வீதியில் நிற்க, கையில் ஒரு சிவப்புத் துணியோடு மரம் மாதிரி நின்றேன்.

வான் நின்றது. டயர் கிறீச்சிடவில்லை, வழுக்கவில்லை. மெதுவாக வந்த வாகனம் நிற்பது போல, அவளுக்கு முன்னால் வந்து நின்றது. நான் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்து இழுத்தேன்.

வான் சாரதி இறங்கி வந்தார். பேச்சு விழப் போகிறது என்று நினைத்தேன். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. மர நிழலைப் பார்த்தார், மதில் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"பொலிஸ் எங்க நிக்குது?"

பொலிஸ் இல்லை என்றேன். எதிரே வந்த மீன் லொறி ஒன்று லைட் அடித்ததாம். அதை நம்பித்தான் இவ்வளவு தூரமும் உருட்டிக்கொண்டு வந்தாராம். "பொய்க்கு அடிச்சிட்டுப் போட்டான்" என்று அவர் சொல்லும்போதே, அவருடைய கண் என் மகளில் விழுந்தது. அவளுடைய சைக்கிள் இன்னும் வீதியில் கிடந்தது. சைக்கிளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, ஏறிப் போய்விட்டார்.

அந்த மீன் லொறியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து வவுனியாச் சந்தைக்கு மீன் கொண்டு போகிற சின்ன லொறி அது. பள்ளிக்கூட நேரத்தில்தான் தினமும் எங்களைக் கடந்து போகும். சாரதி சில நாட்களில் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நிறுத்துவார் என்று கடைக்காரர் சொன்னார். அடுத்த கிழமை அங்கேயே அவரைப் பிடித்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடிய முஸ்லிம் மனிதர். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

அவர்களின் வழக்கப்படி அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிட்டு, அன்றைக்கு ஏன் லைட் அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"அண்டைக்கு மட்டும் இல்லத் தங்கச்சி. பொலிஸ் நிண்டா நான் அடிக்கிறேல்ல. பொலிஸ் இல்லாத நாளிலதான் அடிக்கிறனான்."

ஏன் அப்படி என்றேன். பொலிஸ் நின்றால் பொலிஸ் பார்த்துக்கொள்ளும், இல்லாத நாளில் யார் பார்ப்பது என்றார். அது பொய் இல்லையா நானா என்று, அழுகையோடு சிரித்தபடி கேட்டேன். வாயால் தான் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்.

"என்ர மகளும் ஒரு றோட்டைக் கடந்துதான் பள்ளிக்குப் போறா. அந்த நேரத்தில நான் இஞ்ச நிக்கிறன்."

ஐஸ் கரைகிறது என்று சொல்லி எழும்பிவிட்டார். நன்றி என்று ஒரு வார்த்தையாவது ஒழுங்காகச் சொன்னேனா என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அவரும் பொலிஸ் இல்லாத காலைகளில் லைட் அடிக்கத் தொடங்கினார், தன்னுடைய ஓட்டோக்கார நண்பர்களுக்கும் சொன்னார். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஓடுகிறவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இப்போது அந்த இடத்தில் யார் லைட் அடித்தாலும் ஒருவரும் நம்புவதில்லை. ஒருநாள் உண்மையிலேயே பொலிஸ் நின்றபோது, அடித்த லைட்டை நம்பாமல் வந்து மாட்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். நான் துணித் தடியோடு நின்று பார்த்தேன். மற்ற நாளென்றால் சிரித்திருப்பேன்.

கமரா இன்னும் வரவில்லை. போன மாதமும் கூட்டம் நடந்தது. பின்வரிசைத் தாய் அதையே சொன்னா, நானும் அதையே சொன்னேன், மேலிடத்துக்கு மறுபடியும் எழுதுவதாக முடித்தார்கள். மீன் லொறி இன்னும் போய்வருகிறது. அதைக் கண்டால் நான் கையைக் காட்டுவேன், அவரும் காட்டுவார். அவரை நினைக்கும்போதெல்லாம் மனதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பிள்ளை உயிரோடு வீடு திரும்புவது, முன்பின் தெரியாத ஒரு நல்ல மனிதர் சரியாக அந்த நேரத்தில் அந்த வீதியால் வந்தாரா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறதே என்று நினைத்தால், அவருக்கு நன்றி சொல்வதற்குக்கூடக் களைப்பாக இருக்கிறது.