அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்ததா?

இன்று சீனாவின் பழைய தலைநகரமான சியானில், அம்மாவோடு மண் படைவீரர்களைப் பார்த்தேன்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரிசை வரிசையாக நிற்கிறார்கள். பேரரசர் ஒருவரின் கல்லறைக்குக் காவலாகச் செய்து புதைக்கப்பட்டவர்கள். ஒரு முகம் போல இன்னொரு முகம் இல்லை.

எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருக்க, அம்மா மட்டும், "இதப் பாக்கவா கண்ணு இவ்ளோ தூரம்? அங்க தக்காளிக்கு மருந்தடிக்கற நேரம்" என்று முகத்தைச் சுளித்தார்.

அப்போது எங்கள் வழிகாட்டி சொன்னார்: இதை முதலில் கண்டுபிடித்தது கிணறு தோண்டிய விவசாயிகளாம்.

நான் தமிழில் சொன்னதும் அம்மா நிமிர்ந்தார்.

"கெணறு வெட்டனவங்களா? நம்ம சனம்! தண்ணி வந்துச்சான்னு கேளு."

கேட்டேன். வழிகாட்டி திகைத்துப்போனார். இத்தனை வருட வேலையில் ஒருவரும் அதைக் கேட்டதில்லையாம். அவருக்கும் தெரியாதாம்.

"என்னங்க நீங்க" என்றார் அம்மா, அவருக்குத் தமிழ் புரியும் என்பதுபோல. "நாங்க போட்ட போர்வெல்லுல எல்லாம் புகைதான் வந்துச்சு. அவங்களுக்கு ராசா படையே வந்திருக்குது. ஆனா பயிரு காஞ்சிருக்குமில்லீங்க?"

மொழிபெயர்த்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வழிகாட்டி சிரிக்கவில்லை. தன் வீட்டிலும் விவசாயம்தான் என்று சொல்லி, அம்மாவுக்குத் தலை வணங்கினார்.

நான் எடுத்துப் போட்டிருக்கும் படத்தில் படைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்பவர்தான் தளபதி. ஊர் பாலக்கோடு.

நாளைக்கு ஃப்ளைட். தண்ணீர் வந்ததா இல்லையா என்று தெரியாமல் ஏற மாட்டேன் என்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.