கை நழுவும் பூட்டுக்காரர்

மாடிப்படி ஏறி முடித்ததும் பூட்டுக்காரரின் பை நழுவி விழும். சுத்தியல், அரம், சாவிக்கொத்து எல்லாம் தரையில் உருண்டு ஊரைக் கூட்டும். பின்னால் நிற்கும் போலீஸ்காரர்கள் பல்லைக் கடிப்பார்கள். “கைல வேர்வை சார், வழுக்கிடுச்சு” என்பார், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

எங்கள் தெருமுனையில்தான் கடை. சாவியைத் தொலைத்துவிட்டு நான் அவரிடம் போய் நிற்காத மாதம் இல்லை. குண்டூசித் தலையளவு ஸ்பிரிங்கைக்கூட அரட்டை அடித்தபடியே இடத்தில் உட்காரவைப்பார். அந்தக் கையாவது, வழுக்குவதாவது!

அவசரநிலைச் சட்டம் வந்ததிலிருந்து, தீவிரவாதிகளைத் தேடுகிறோம் என்று கோர்ட்டு உத்தரவு இல்லாமலே எந்த வீட்டுக்குள்ளும் நுழைகிறார்கள். பூட்டைத் திறக்க இவர் வேண்டும். மாட்டேன் என்றால் அதுவும் குற்றம். முதல் தடவை சத்தமில்லாமல்தான் திறந்து கொடுத்திருக்கிறார். உள்ளே, குளித்துவிட்டு வந்த ஒரு பெண் பாதி உடுத்திய துணியோடு சுவரில் ஒட்டி நின்றாளாம். தேடியதில் ஒன்றும் கிடைக்கவில்லை. “என் மக வயசு. போலீஸை அது பாக்கல, என்னைத்தான் பாத்துச்சு” என்றார் ஒருநாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தக் கை நழுவும் வியாதி. யாரும் தப்பித்து ஓடுவதற்காக இல்லை. கீழே எல்லா வாசலிலும் ஆள் நிற்கிறது. ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொள்ள அவகாசம், அவ்வளவுதான்.

அடுத்தவர் மானத்தைக் காப்பாற்றப் போய் இவர் ஜெயிலுக்குப் போய்விடுவார் என்று அவர் மனைவி என்னிடமே புலம்பினாள். இவர் காதில் வாங்காமல் அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. மனுஷனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?

போன வாரம், பட்டப்பகலில், என் எதிர்வீட்டுக்கே வந்தார்கள். அதிகாரி உஷார், பையைத் தானே வாங்கிக்கொண்டார். “சத்தம் வந்துச்சு, அடுத்து உன்னைத்தான் உள்ள வைப்பேன். எந்த கோர்ட்டும் ஏன்னு கேக்காது” என்று அவர் அடிக்குரலில் சொன்னது, ஒருக்களித்திருந்த என் கதவு வரை கேட்டது.

பூட்டுக்காரர் மெல்லிய கம்பி ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினார். பூட்டு முனகக்கூட இல்லை. கதவு விரலளவு விலகியது. அதிகாரி முன்னால் வந்தார். இவர் நகரவில்லை. வாசலை அடைத்து நின்றபடி, தான் திறந்துவிட்ட கதவையே விரலை மடக்கித் தட்டினார்.

“பூட்டுக்காரன் வந்திருக்கேம்மா” என்று குரல் கொடுத்துவிட்டு, பதில் வரட்டும் என்று தலைகுனிந்து நின்றார்.